உங்களுக்குத் தெரியுமா? சர்வருக்கு டிப்ஸ்... சாருக்கு என்ன?

ஆரணி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓர் ஓட்டலில் சாப்பிட உட்காருகிறீர்கள். சாம்பார் வாளியோடு வருகிறாரே ஒருவர், அவருக்கு இதற்குக் கீழே கூலி கொடுக்கக் கூடாது என்று சொல்ல ஒரு சட்டம் இருந்தது. அடுத்த தெரு தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கும் டீச்சருக்கு? அந்தச் சட்டம் பொருந்தாது! சொன்னது யார் தெரியுமா? சாட்சாத் உச்ச நீதிமன்றம்! ஆண்டு 1996!

வழக்குப் போட்டது ஹரியானாவின் அங்கீகாரம் பெறாத பள்ளிகள் சங்கம். 1948-ம் ஆண்டு குறைந்தபட்சக் கூலிச் சட்டப்படி ஆசிரியர் 'ஊழியர்' என்ற வரையறைக்குள்ளேயே வர மாட்டார் என்று தீர்ப்பு! கை வேலை வரும், கிளார்க் வேலை வரும். கரும்பலகை வேலை வராது!

இது முதல் தடவை என்று நினைக்காதீர்கள். 1988-லேயே கோவாவைச் சேர்ந்த ஓர் ஆசிரியையின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: தொழில் தகராறுச் சட்டப்படி ஆசிரியர் 'தொழிலாளி' அல்ல! கல்வி புகட்டுவது உன்னதமான பணியாம். அதனால் வேலை போனால் தொழிலாளர் நீதிமன்றப் படியேற முடியாது. சர்வரை நிறுத்தினால் அவர் தாராளமாக ஏறலாம்! உன்னதத்துக்கு விலை கொஞ்சம் அதிகம்தான்!

மூன்றாவதையும் கேளுங்கள். நமக்குக் கிடைத்ததில் பெரிய முத்து இதுதான்! பணிக்கொடைச் சட்டம் வந்தது 1972-ல். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஓட்டலில் ஐந்து வருஷம் முடித்த ஊழியருக்குப் பணிக்கொடை உண்டு. தனியார் பள்ளி ஆசிரியருக்கு? 2004 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 'இல்லை' என்றது! நாடாளுமன்றம் 2009-ல் சட்டத்தையே திருத்தியது. அதுவும் 1997 ஏப்ரல் 3 முதல் முன்தேதியிட்டு! பள்ளி நிர்வாகங்கள் விடுவார்களா? எதிர்த்து வழக்கு. 2022 ஆகஸ்ட் 29-ல்தான் 'திருத்தம் செல்லும், பணத்தைக் கொடுங்கள்' என்று இறுதித் தீர்ப்பு வந்தது. 1972-லிருந்து எண்ணினால் சரியாக 50 வருஷம்!

(2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. மேலே சொன்னதெல்லாம் பழைய சட்டங்களின் கணக்கு!)

டிப்ஸ் சம்பளமா, இல்லையா? அதற்கும் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள்! 2016-ல் ஒரு பெரிய ஓட்டல் நிறுவனத்தின் வழக்கில் தீர்ப்பு: வாடிக்கையாளர் கொடுக்கும் டிப்ஸ் முதலாளி தரும் சம்பளம் ஆகாது. அதனால் சம்பளத்தில் பிடிப்பதுபோல அதற்கு நிறுவனம் வரி பிடிக்க வேண்டியதில்லை! வாங்கியவர்தான் தன் 'இதர வருமான'மாகக் காட்ட வேண்டும். எத்தனை பேர் காட்டுகிறார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள்!

பில்லில் ஓட்டல்காரர்களே 'சர்வீஸ் சார்ஜ்' என்று சேர்த்துவிடுவார்களே, அதைக் கட்டியே ஆக வேண்டும் என்பதில்லை! 2025 மார்ச் 28-ல் டெல்லி உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. விருப்பப்பட்டால் கொடுக்கலாம். இல்லையா, எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வரலாம்!

இப்போது அமெரிக்கா. டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு அங்கே மத்திய அரசுச் சட்டப்படி முதலாளி கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2 டாலர் 13 சென்ட். நம் பணத்தில் சுமார் 190 ரூபாய். இது நிர்ணயிக்கப்பட்டது 1991-ல். மன்மோகன் சிங் தன் முதல் பட்ஜெட்டைப் போட்ட வருஷம்! அதன்பிறகு ஒரு சென்ட்கூட ஏறவில்லை!

டிப்ஸையும் சேர்த்துப் பார்த்தால்? 2023 மே மாத அரசுக் கணக்குப்படி அமெரிக்க சர்வரின் ஆண்டு வருமானம் நடுமட்டத்தில் 31,940 டாலர். அரசுப் பள்ளி ஆசிரியரின் சராசரிச் சம்பளம் 2023-24-ல் 72,030 டாலர். அப்பாடா, ஆசிரியர் ஜெயித்துவிட்டார் என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். அதே அளவு படித்துவிட்டு வேறு வேலைக்குப் போனவர்களோடு ஒப்பிட்டால் 2023-ல் ஆசிரியரின் வாரச் சம்பளம் 26.6 சதவீதம் குறைவு! ஆறில் ஓர் ஆசிரியர் பள்ளிக்கு வெளியே இரண்டாவது வேலையும் பார்க்கிறார்! பகலில் பாடம், ராத்திரியில் தட்டு ஏந்தி டிப்ஸ் வாங்கும் ஆசிரியர்கள் அங்கே நிஜமாகவே இருக்கிறார்கள்!

இதைவிட ஒரு படி மேலே! 2025 ஜூலை 4-ல் அதிபர் டிரம்ப் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். டிப்ஸ் வருமானத்தில் ஆண்டுக்கு 25,000 டாலர் வரை வரிக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளலாம்! சொந்தக் காசில் சாக்பீஸும் கலர் பேப்பரும் வாங்கும் ஆசிரியர் அதே 2025-ம் ஆண்டுக் கணக்கில் தனிச் சலுகையாகக் கழித்துக்கொள்ள முடிந்தது எவ்வளவு? வெறும் 300 டாலர்!

அமெரிக்காவில் டிப்ஸ் கொடுப்பதே குற்றமாக இருந்த காலமும் உண்டு! 1909-ல் வாஷிங்டன் மாநிலம் தடைச் சட்டம் போட்டது. வேறு சில மாநிலங்களும் பின்தொடர்ந்தன. 1926-க்குள் அத்தனையும் ரத்து!

சரி, நம் ஆரணிக்கு வாருங்கள். புவிசார் குறியீடு பெற்ற பட்டு இந்த ஊருடையது. ஒரு கல்யாணக் கூட்டம் பட்டு எடுக்கக் கடைக்குள் நுழைகிறது. எடுத்துக் காட்டுகிறவர் ஒவ்வொன்றாகப் பிரித்து, முந்தானையைத் தோளில் போட்டுக் காட்டி, 'அக்கா, இந்தக் கலர் பொண்ணுக்கு எடுப்பா இருக்கும்' என்கிறார். மெத்தை மேல் புடவை மலையாகக் குவிகிறது. பில் போட்டுவிட்டுக் கிளம்பும்போது பெண்ணின் அப்பா அவர் கையில் ஒரு நோட்டைத் திணிக்கிறார்: 'டீ சாப்பிடுப்பா!' அந்தப் புடவையைக் குழித்தறியில் உட்கார்ந்து நாள்கணக்கில் நெய்தவருக்கு? தார் சுற்றிக் கொடுத்த அவர் வீட்டு அம்மாவுக்கு? பெண்ணின் அப்பா முகமே தெரியாது! டிப்ஸ் என்பது கடைசியாக உங்கள் எதிரில் நிற்பவருக்கு மட்டும் போய்ச் சேரும் காசு. தறிக்காரரும் வாத்தியாரும் எப்போதுமே பின்னால் நிற்கிறவர்கள்!

2019-20-ல் எடுத்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு சொல்வதைக் கேளுங்கள். நாட்டில் நெசவாளரும் துணைத் தொழிலாளருமாக 35 லட்சம் பேர். அந்தக் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழே! ஒரு ஆளுக்கு அல்ல, குடும்பத்துக்கே!

5,000 என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. 2012-ல் தமிழக அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, தையல் சொல்லிக்கொடுக்கப் பகுதிநேர ஆசிரியர்களைப் போட்டார்களே, அவர்களின் தொடக்கச் சம்பளமும் 5,000 ரூபாய்தான்! நியமிக்கப்பட்டவர்கள் 16,549 பேர். பிறகு 7,000, 7,700, 10,000 என்று ஏறி, 2024-ல் 12,500-க்கு வந்தது. வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை.

மே மாதம்? பள்ளி கிடையாது, சம்பளமும் கிடையாது என்றே வைத்திருந்தார்கள்! டிரில் மாஸ்டருக்குப் பூஜ்ஜியம் விழுந்த அதே மே மாதத்தில்தான் லீவுக்கு வந்த கூட்டத்தால் ஊட்டி, கொடைக்கானல் ஓட்டல் ஊழியரின் சட்டைப் பை நிரம்பியது!

ஒரே ஒரு ராத்திரியில் 3,170 ரூபாய் போன கதை தெரியுமா? 2009 மே 31 வரை வேலைக்குச் சேர்ந்த தமிழக அரசுப் பள்ளி இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 8,370. மறுநாள் ஜூன் 1-ம் தேதியிலிருந்து சேர்ந்தவருக்கு 5,200! அதே வகுப்பு, அதே புத்தகம், அதே பிள்ளைகள்! பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 20,000 பேர். 'சம வேலைக்குச் சம ஊதியம்' என்று சென்னையில் கல்வித் துறையின் டி.பி.ஐ. வளாகத்தில் திரும்பத் திரும்ப உண்ணாவிரதம் உட்கார்ந்துவிட்டார்கள்!

2017 ஊதிய விதிகளின்படி அதே இடைநிலை ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 20,600. அகவிலைப்படி தனி. இந்த எண்ணைக் கொஞ்சம் மனதில் வையுங்கள்!

இப்போது பைக்கில் பிரியாணி கொண்டுவரும் தம்பியின் 2025-ம் ஆண்டுக் கணக்கு. நாளுக்கு 10 மணி நேரம், மாதம் 26 நாள் ஓடினால் 26,500 ரூபாய் வரும். பெட்ரோல், வண்டிச் செலவு போக சுமார் 21,000 நிற்கும். சொன்னவர் ஜொமேட்டோவைத் தொடங்கிய தீபிந்தர் கோயல்! நிறுவனத்தார் சொன்ன கணக்கு, ஓட்டுகிறவர்கள் வேறு மாதிரி சொல்வார்கள். ஆனால் 20,600-ஐயும் 21,000-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்களேன்!

அதற்கு மேல் டிப்ஸ் எவ்வளவு என்று கேட்டால் வாயடைத்துப் போவீர்கள். ஒரு மணி நேரத்துக்கு 2 ரூபாய் 60 காசு! டிப்ஸ் வைக்கப்படும் ஆர்டர்கள் நூற்றுக்கு ஐந்துதான். ஆக, கொட்டும் மழையில் நனைந்து வந்தவருக்கு 95 வீட்டில் வெறும் 'தேங்க்ஸ்'!

தமிழக அரசின் 'இல்லம் தேடிக் கல்வி' நினைவிருக்கிறதா? 2021 அக்டோபரில் தொடங்கியது. சாயங்காலம் தெருப் பிள்ளைகளைத் திண்ணையில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. நாளுக்கு 33 ரூபாய் 33 காசு!

கல்லூரியில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? குஜராத்தில் ஒப்பந்த உதவிப் பேராசிரியர்களுக்கு மாதம் 30,000 கொடுத்துவந்தார்கள். அதே வேலை செய்யும் நிரந்தர உதவிப் பேராசிரியருக்கு ஒரு லட்சத்துக்கு மேல்! 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கடுப்பாகிவிட்டது. மேடையில் குருவுக்குச் சுலோகம் சொன்னால் மட்டும் போதாது, ஊதிய விகிதத்தின் அடிமட்டச் சம்பளத்தையாவது கொடுங்கள் என்று உத்தரவு!

டியூஷன் எடுத்துச் சம்பாதிக்கலாமே? முடியாது! 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 28-வது பிரிவு ஆசிரியர் தனியார் டியூஷன் எடுப்பதையே தடை செய்கிறது! ஊரில் எத்தனை வீட்டு மாடியில் சாயங்காலம் செருப்பு குவிகிறது என்பது உங்களுக்கே தெரியும்!

தென்கொரியாவில் இன்னும் கெடுபிடி. 2016 செப்டம்பர் 28-ல் வந்த லஞ்ச ஒழிப்புச் சட்டப்படி, தனக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியருக்கு மாணவர் ஒரு கப் காபி வாங்கிக்கொடுத்தாலும் குற்றம்! ஆசிரியர் தினத்தன்று ஒற்றைப் பூக்கூடத் தனியாக நீட்டக் கூடாது. வகுப்பின் சார்பில் ஒருவர் எல்லார் முன்னிலையிலும் கொடுத்தால் சரி!

ஜப்பானில் டிப்ஸ் வைத்தால் சர்வர் பின்னாலேயே ஓடிவந்து திருப்பிக் கொடுப்பார்! ஆசிரியருக்கோ மற்ற அரசு ஊழியரைவிட நல்ல சம்பளம் தர வேண்டும் என்று 1974-லேயே சட்டம் போட்டார்கள். ஆனால் ஓவர்டைம்? கிடையாது! அதற்குப் பதிலாக 2025 வரை மாதச் சம்பளத்தில் 4 சதவீதம் கொடுத்தார்கள், அவ்வளவுதான். ராத்திரி எட்டு மணி வரை பள்ளியில் இருந்தாலும் அதே 4 சதவீதம்!

லக்ஸம்பர்க் பக்கம் போய்விடாதீர்கள், வயிறு எரியும். அங்கே ஆசிரியரின் தொடக்கச் சம்பளமே ஆண்டுக்கு 70,000 டாலருக்கு மேல்!

இப்போது சொல்லப்போவதைக் கேட்டு நாமே அசந்துபோனோம். நம் ஊர் ஆசிரியர் வேலையே ஒரு காலத்தில் டிப்ஸ் வேலைதான்! 1822-ல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, மாகாணத்தில் எத்தனை பள்ளிக்கூடங்கள் என்று எண்ணச் சொன்னார். ஆரணி சீமை இருந்த வட ஆற்காடும் அதில் அடக்கம். 1826-ல் கணக்கு முடிந்தது. 12,498 பள்ளிகள்! கிழக்கிந்தியக் கம்பெனியார் கட்டியவை அல்ல, பெரும்பாலும் திண்ணைகள்!

திண்ணை வாத்தியாருக்குச் சம்பளம் யார் கொடுத்தார்? சர்க்கார் அல்ல! பிள்ளைகள் மாதம் நாலணா, ஆறணா, எட்டணா கொடுத்தார்கள். கொடுக்க முடிகிற வீடு கொடுக்கும், முடியாத வீடு முழிக்கும். இப்படித் திரட்டினாலும் மாதம் ஆறேழு ரூபாய்க்கு மேல் தேறுவதில்லை என்று மன்றோவே எழுதியிருக்கிறார். தகுதியானவர்கள் இந்த வேலைக்கு வர இது போதாதாம்! 200 வருஷத்துக்கு முந்தைய அரசுக் குறிப்பு. தேதியை மறைத்துவிட்டுக் காட்டினால் போன வாரம் எழுதியது என்பீர்கள்!

அதற்கு அவர் சொன்ன மருந்து? தாலுகா பள்ளி ஆசிரியருக்கு மாதம் 9 ரூபாய், கலெக்டர் ஊர்ப் பள்ளி ஆசிரியருக்கு 15 ரூபாய் சர்க்கார் சம்பளம். மீதி? பிள்ளைகளே கொடுத்துவிடுவார்களாம்! அதையும் சேர்த்தால் ஸ்காட்லாந்து கிராமத்து வாத்தியாரைவிட நம்மவர் வசதியாக இருப்பார் என்று ஒரு போடு போட்டார் அந்த ஸ்காட்லாந்துக்காரர்! குறைந்த சம்பளம், மீதிக்கு வாடிக்கையாளர். இன்றைய அமெரிக்க ஓட்டல் முதலாளி சொல்வது அட்சரம் பிசகாமல் இதைத்தான்!

வாத்தியாருக்கு போனஸ் சீசனும் இருந்தது. நவராத்திரி! பிள்ளைகளுக்குப் புதுத்துணி உடுத்தி, கையில் கோலாட்டக் கழியைக் கொடுத்து, வீடு வீடாகப் பாட்டுப் பாடிக்கொண்டு கூட்டிப்போவார்கள். வீட்டுக்காரர் கொடுக்கும் காசு வாத்தியாருக்கு. பொரிகடலை பிள்ளைகளுக்கு!

வெள்ளைக்காரன் ஊரில் இதைவிட விநோதம். 1862-ல் இங்கிலாந்தில் ஒரு விதிமுறை. இன்ஸ்பெக்டர் வந்து பிள்ளைகளைச் சோதிப்பார். வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றில் ஒன்றில் பிள்ளை தவறினால் பள்ளியின் மானியத்தில் 2 ஷில்லிங் 8 பென்ஸ் வெட்டு! புடவையில் இழை விட்டுப்போனால் நெசவாளி கூலியில் பிடிப்பார்களே, அதே கதை! 1860-களில் சென்னை மாகாணத்துக்கும் இந்த முறை கப்பலேறி வந்தது!

உ.வே.சாமிநாதையர் 1880-ல் கும்பகோணம் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராகச் சேர்ந்தபோது சம்பளம் 50 ரூபாய். 24 வருஷம் கழித்து, 1904-ல், மதுரை சேதுபதி பள்ளியில் தற்காலிகத் தமிழாசிரியராக ஓர் இளைஞர் சேர்ந்தார். சம்பளம் பதினேழரை ரூபாய்! ஆகஸ்டில் சேர்ந்து நவம்பரில் கிளம்பிவிட்டார். பெயர்? சுப்பிரமணிய பாரதி! பள்ளியின் நஷ்டம், பத்திரிகையின் லாபம்!

சோழர் காலத்தில் நிலைமை தேவலை. விழுப்புரம் பக்கத்து எண்ணாயிரம் ஊரில் முதலாம் ராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு. 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள். ஆசிரியருக்குத் தினப்படி நெல்! மாணவருக்கும் நெல்! அங்கே கட்டணம் கட்டியது பிள்ளையல்ல, ஊர்!

நெல் கிடைத்தவர் பாக்கியசாலி. கி.பி. 250-களில் எகிப்தின் ஆக்ஸிரிங்கஸ் நகரத்து இலக்கண ஆசிரியர் லொல்லியானஸ், ரோமச் சக்கரவர்த்திகளுக்கே மனு எழுதினார். நகரசபை பேசிய சம்பளத்தைத் தருவதில்லை. தந்தாலும் புளித்துப்போன ஒயினும் புழு அரித்த தானியமும்! சம்பளமே வேண்டாம், ஊருக்குள் ஒரு தோட்டத்தைக் கொடுங்கள், அதன் வருமானத்தில் பிழைத்துக்கொள்கிறேன் என்று கேட்டார். அந்த பாப்பிரஸ் இன்றும் பத்திரமாக இருக்கிறது!

கடைசியாக ஒரு ரேட் கார்டு. கி.பி. 301. ரோமச் சக்கரவர்த்தி டயோக்ளீஷியன் சாம்ராஜ்யம் முழுக்க விலையையும் கூலியையும் நிர்ணயித்துக் கல்லில் வெட்டிவைத்தார். நாவிதருக்கு ஒரு தலைக்கு 2 தினாரி. குளியல் கூடத்தில் துணியைப் பார்த்துக்கொள்பவருக்கு ஒரு ஆளுக்கு 2 தினாரி. எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியருக்கு ஒரு பிள்ளைக்கு மாதம் 50 தினாரி. ஒரு தச்சர் அதை ஒரே நாளில் சம்பாதித்துவிடுவார், சாப்பாடும் இலவசம்! துணி காப்பவர் 25 பேர் குளித்து முடிப்பதற்குள் அந்த 50-ஐ எட்டிவிடுவார்!

அதே கல்லில் பட்டு விலையும் இருக்கிறது. அரச ஊதாச் சாயம் ஏற்றிய பட்டு ஒரு ரோம ராத்தல், அதாவது சுமார் 325 கிராம். நம் கல்யாணப் புடவை ஒன்றுக்குக்கூடக் காணாது. விலை 1,50,000 தினாரி! 30 பிள்ளைகளை வைத்திருக்கும் வாத்தியார் ஒரு காசுகூடச் செலவழிக்காமல் சேர்த்தால் 8 வருஷம் 4 மாதம் ஆகும்! சாதாப் பட்டு நெய்கிறவருக்கு நாளுக்குச் சாப்பாடு போட்டு 25 தினாரி. அவர் சேர்க்க வேண்டிய கூலி 6,000 நாள்!